பழைய டாக்கீஸ் தெருவின் நீண்ட மேசை

பெரம்பூரில் பழைய டாக்கீஸ் தெரு என்று ஒரு தெரு இருந்தது. டாக்கீஸை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி, மண்டபத்தையும் இடித்துத் துணிக்கடை வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. மற்ற நாட்களில் ஆட்டோவும் தண்ணி லாரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் சாதாரணத் தெருதான். ஆனால் சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும், இன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை என்று ஊரே கூடிப் பேசி வைத்ததுபோல, பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் பூசி, ஸ்கூட்டரில் முன்னால் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஏற்றிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். பிரியாணி அண்டாவின் மூடி திறக்கும், பஜ்ஜி எண்ணெய் பொங்கும், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்த கஸ்தூரி அக்கா தன் அத்தோ நூடுல்ஸ் வண்டியில் வாழைத்தண்டு சூப்பைக் கொதிக்கவிடுவாள், தெரு முழுக்க வெங்காயமும் மல்லித்தழையும் மணக்கும்.

அந்தத் தெருவின் நடுவில் இருந்த ஹோட்டல் தேன்மழையில்தான், ஒரு சனிக்கிழமை, கஜபதிக்கும் அவன் மகள் தர்ஷிகாவுக்கும் நடுவில் இருந்த மேசை நீள ஆரம்பித்தது.

கஜபதி ரயில்பெட்டி செய்யும் இடத்தில் வெல்டர். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து வீட்டில் கொடுப்பான். ஆனால் பேச மாட்டான். முன்பு பேசியவன்தான். இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தை நாற்பது நாள்கூட நிறையாமல் போய்ச்சேர்ந்து, அதைப் புதைத்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று வாயை மூடியவன், அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ‘சரி’ என்ற ஒரு சொல்லிலேயே குடும்பம் நடத்தினான். அவன் மனைவி சியாமளா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு அவளும் களைத்துப்போய்க் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கேயும் அவன் சரி என்றுதான் சொன்னான். பெண் அம்மாவிடம் இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். எங்கே வைத்துப் பார்ப்பது என்று கேட்டபோது, மூன்று பேரும் முன்பு சனிக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்ட இடமாகையால், தேன்மழை ஹோட்டல் பெயரைச் சொன்னான்.

மேசை நீண்ட அன்று முதலில் கவனித்தது கஜபதிதான். மகளின் முகவாயில் சாம்பார் ஒட்டியிருந்தது. துடைக்கக் கையை நீட்டினான், எட்டவில்லை. போன வாரம் எட்டியது. எழுந்து நின்று குனிந்து நீட்டினான், அப்போதும் ஒரு சாண் இடைவெளி மிச்சமிருந்தது. தர்ஷிகா தானே துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளினால் பாதிவழியில் நின்றது. அதற்கடுத்த வாரம் அவர்கள் உட்கார்ந்து, “எப்படிம்மா இருக்க?” என்று அவன் கேட்டு, “நல்லாருக்கேன்” என்று அவள் சொன்னதும், படகுத்துறையிலிருந்து படகு நகர்வதுபோல, மேசையின் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நகர, தர்ஷிகா தன் நாற்காலியோடு, தட்டோடு, தண்ணீர் டம்ளரோடு, அப்பாவைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போய் ஹாலின் அந்த மூலையில் நின்றாள்.

முதலாளி அருணாசலப் பெருமாள் சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள், எதற்கும் பதறாதவர். அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து மேசையைத் தட்டிப் பார்த்தார், கீழே குனிந்து காலைப் பார்த்தார்.

“மேச நல்ல மேசதான். நாந்தான் ஆர்டர் குடுத்துச் செஞ்சேன்” என்றார். “தம்பி, நீங்க வேற மேசையில உக்காந்து பாருங்க.”

வேறு மேசையில் உட்கார்ந்தார்கள், அதுவும் நீண்டது. கஜபதி எழுந்துபோய் மகளின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். அப்போது மேசை அகலத்தில் நீண்டு, இரண்டு நாற்காலிகளும் தள்ளித் தள்ளிப் போயின. அதற்குப் பிறகு அவன் முயற்சி செய்யவில்லை. தூரத்தில் இருக்கும்போது அவள் கண்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதி அவனுக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தது.

ஹால் போதாமல் போனபோது பெருமாள் அண்ணாச்சி வாசல் பக்கத்து ஜன்னலைப் பெயர்த்து, சுவரை இடித்து, மேசை தெருவுக்குப் போக வழி செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் அப்பனும் மகளும் உட்கார்ந்ததும் மேசை வெளியே போகும், போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகும். ஞாயிறு முழுக்க அப்படியே கிடக்கும். திங்கட்கிழமை காலையில் பால் வண்டி வருவதற்குள் நான்கு பேர் உட்காரும் பழைய மேசையாகச் சுருங்கி, ஒன்றும் தெரியாததுபோல் மின்விசிறிக்குக் கீழே நிற்கும்.

தெருவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வண்டி போக வழியில்லை என்று துணிக்கடைக்காரர் கத்தினார், ஹோட்டலுக்கு வெளியே ஹோட்டல் போடுகிறாயா என்று பிரியாணிக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ஆனால் சனிக்கிழமை இடம் கிடைக்காமல் வாசலில் கால்கடுக்க நிற்கும் ஜனங்கள் அத்தனை நீளமான மேசையை எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? ஒரு கைக்குழந்தைக்காரி முதலில் உட்கார்ந்தாள். பிறகு அவள் புருஷன் உட்கார்ந்தான். பிறகு கஸ்தூரி அக்கா தன் அத்தோ தட்டோடு வந்து, “நானும் இதுல வெக்கலாமா அண்ணாச்சி?” என்று கேட்க, “மேச எனக்குச் சொந்தம், இந்த நீளம் எனக்குச் சொந்தமில்ல. வைங்க” என்று அண்ணாச்சி சொல்ல, அன்றோடு சண்டை தீர்ந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த மேசையில் உட்காரலாம் என்றானது. போலீஸ்காரர்கள் சனிக்கிழமை மூன்று மணிக்கே தெருமுனையில் தடுப்பு வைத்தார்கள். கவுன்சிலர் வரிசையாக டியூப் லைட் போட்டுக்கொடுத்து ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதிவைத்தார். கொளத்தூரிலிருந்தும் வில்லிவாக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள், பெண் பார்த்தார்கள், பல காலம் முகம் கொடுக்காத அண்ணன் தம்பிகள் வேறு இடம் கிடைக்காமல் எதிரெதிரே உட்கார்ந்து உப்பை நகர்த்திக்கொடுத்துக்கொண்டார்கள். டிவிக்காரர்கள் ஒருமுறை வந்து படம் பிடித்தார்கள், அவர்களும் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மேசைக்கு எழுதாத சட்டம் ஒன்று தானாகவே உண்டானது. ஒரு முனையில் அப்பாவும் மறு முனையில் மகளும் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது நீண்டது. ஆகவே நடுவில் உட்காருகிறவர்கள், ஒருவர் கொடுத்ததை மற்றவருக்குச் சேர்க்க வேண்டும். கஜபதி தன் ரவா ரோஸ்ட்டின் மொறுமொறுப்பான ஓரத்தை உடைத்துத் தட்டில் வைத்துப் பக்கத்து ஆளிடம் கொடுப்பான். அது கை மாறிக் கை மாறி, பிரியாணித் தட்டுகளுக்கு மேலாகவும் குழந்தைகளின் தலைகளுக்கு மேலாகவும் போய், ஆறிப்போய்த்தான் சேரும், ஆனால் யாரும் ஒரு விள்ளல் கிள்ளியதில்லை. அதேபோல வார்த்தையும் போகும். அவன் “சாப்பிட்டியான்னு கேளுங்க” என்பான். அது போகிற வழியில் கொழுத்து, “சாப்பிட்டியாம்மா கண்ணு, வளர்ற பொண்ணு நல்லா சாப்பிடணும், மெலிஞ்சு போயிட்டியாமே” என்று அவளிடம் போய்ச் சேரும். அவள் சிரித்து, “சாப்பிட்டேன்னு சொல்லுங்க” என்பாள். அது திரும்பி வருவதற்குள் அவன் காபி ஆறிவிடும். இப்படித்தான் அவர்களுடைய சனிக்கிழமைகள் போயின. ஜனங்கள் அவனைவிட நன்றாக அவன் மகளிடம் பேசினார்கள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது மேசை மருந்துக்கடையைக் கடந்து, துணிக்கடை மூலையில் வளைந்து, தெருவைத் தாண்டிப் போயிருந்தது. மேசை நகர்ந்து நின்றபின் கஜபதிக்கு இப்போது மகளின் முகம் தெரிவதில்லை. தட்டு வந்தால்தான் அவள் இருப்பது தெரியும். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சியாமளா அதுவரை மருந்துக்கடைப் படியில்தான் காத்திருப்பாள். மேசை அந்தப் படியை ஒட்டிப் போனபின், கஸ்தூரி அக்கா அவள் கையில் ஒரு தட்டைத் திணித்து, “படியில உக்காந்து யாரப் பாத்துக்கினு இருக்கே? வா, வந்து இப்படி உக்காரு” என்று மேசைக்கு இழுத்தாள். அப்போதிலிருந்து அவளும் நடுவில் யாரோ ஒருத்தியாக, அத்தோ சாப்பிட்டுக்கொண்டு, தன்னைத் தாண்டிப் போகும் ரோஸ்ட் துண்டுகளைத் தன் கையாலேயே வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தாள். அவள் யார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு நாள் சியாமளா கஜபதிக்குப் போன் செய்தாள்.

“என்னை ஆபீஸ்ல ஓசூருக்கு மாத்திட்டாங்க. பரீட்சை முடிஞ்சதும் கிளம்பறோம். தர்ஷியை அங்கேயே சேர்க்கறேன்.”

“சரி” என்றான்.

“உங்களுக்கு வேற ஒண்ணும் கேக்க வேணாமா?”

அவன் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை தெருவில் என்றுமில்லாத கூட்டம். கஜபதி உட்கார்ந்தான், எதிரே தர்ஷிகா வந்து உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள். அவன் “எப்படிம்மா இருக்க?” என்றான். அவள் நல்லாருக்கேன் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தாள், ஆனால் அதற்குள் மேசை நகர்ந்துவிட்டது. சுவரின் ஓட்டை வழியாக, டியூப் லைட்டுகளுக்குக் கீழே, கூட்டம் விலகி வழிவிட, அவள் சிறுத்துச் சிறுத்து மூலையில் திரும்பி மறைந்தாள்.

ஜனங்கள் உட்கார்ந்தார்கள், தட்டுகள் வந்தன. கஜபதி ரோஸ்ட்டின் ஓரத்தை உடைத்து அனுப்பினான். அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் ஆயிற்று. அப்போதுதான், மேசையின் அந்தக் கடைசியில், தர்ஷிகா பக்கத்தில் இருந்த கைக்குழந்தைக்காரியின் பக்கம் சாய்ந்து, “அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். அப்படியே சொல்லணும், மாத்தக் கூடாது” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“எனக்குச் சளி இருந்துச்சு. நான் தம்பிக்கு முத்தம் குடுத்தேன். தம்பி செத்துப்போனது என்னாலதானா?”

கைக்குழந்தைக்காரி மடியிலிருந்த தன் பிள்ளையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். சட்டம் சட்டம்தான். அவள் திரும்பி, குரலைத் தாழ்த்தி, அதை அப்படியே தன் பக்கத்து ஆளிடம் சொன்னாள். அந்த ஆள் மெக்கானிக், விரல் இடுக்கில் கிரீஸ் போகாதவன். அவன் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்ல ‘என்னாலதானா’ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னபோது, வண்டியை அதிவேகமாக ஓட்டத் தான் கற்றுக்கொடுத்து, விபத்தில் போன சிநேகிதன் ஞாபகம் வந்து, அவன் சோற்றை அப்படியே வைத்தான். அவனிடமிருந்து அது கல்லூரிப் பெண்ணிடம் போயிற்று, அவளிடமிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடியிடம் போயிற்று, அவர்களிடமிருந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போன மகன்களின் ஃபோட்டோவைச் சட்டைப்பையில் வைத்திருந்த ஆங்கிலோ இந்தியக் கிழவரிடம் போயிற்று. வழக்கமாக வழியில் கொழுக்கும் வார்த்தை அன்று ஓரெழுத்துகூடக் கூடவில்லை. ஒவ்வொரு வாயும் அதை அதே கனத்தில் வாங்கி அதே கனத்தில் கொடுத்தது. அது கடந்து போன இடமெல்லாம் பேச்சு நின்றது, ஸ்பூன் நின்றது, குழந்தைகள் அம்மாக்களின் முகத்தைப் பார்த்து அமைதியாயின. யாருக்குத்தான் ஒருவர் போகவில்லை? யாருக்குத்தான் அந்தக் கேள்வி இல்லை? மேசை நெடுக, ஒருவர் விடாமல், தம்பி செத்துப்போனது என்னாலதானா, தம்பி செத்துப்போனது என்னாலதானா என்று தங்கள் வாயாலேயே சொல்லிச் சொல்லி அடுத்தவர் காதில் வைத்தார்கள்.

அப்படி அது சியாமளாவிடம் வந்தது. கையில் சாத்துக்குடி ஜூஸ் வைத்திருந்த யாரோ ஒருவர் அவள் பக்கம் குனிந்து சொன்னார். சொல்லிவிட்டு, “அந்தக் கடைசியில இருக்கற பொண்ணு அப்பாவைக் கேக்குதாம். பாவம்மா” என்றார்.

சியாமளா பாதி எழுந்துவிட்டாள். ஒரே ஓட்டமாக மகளிடம் ஓட வேண்டும்போல் இருந்தது. ஐந்து வயதில் கேட்க வேண்டியதை ஐந்து வருஷமாக வைத்துக்கொண்டு, தன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். குழந்தையின் இதயத்தில் பிறக்கும்போதே குறை இருந்தது, எந்தச் சளியும் எந்த முத்தமும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னது பெரியவர்கள் இருவருக்கும் தெரியும். பெண்ணுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் கேள்வி தனக்கு வந்ததில்லை என்பதும் சியாமளாவுக்குப் புரிந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த கஸ்தூரி அக்காவிடம் திரும்பினாள். மாற்றாமல் சொன்னாள்.

கஸ்தூரி அக்கா அவளையே பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

கஜபதியிடம் அதைக் கொண்டுவந்தது பெருமாள் அண்ணாச்சி. கடைசிக்கு முந்தின நாற்காலியில் இருந்தவர் சொல்ல முடியாமல் அழுததால், அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, தன் பெரிய உடம்பை அவன் பக்கத்தில் இருத்தி, சொன்னார். சொல்லிவிட்டு, “பதில் சொல்லுங்க தம்பி, அனுப்பிருவோம்” என்றார்.

கஜபதி தன் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு அவன் எழுந்தான்.

“இத அனுப்ப முடியாது அண்ணாச்சி” என்றான். அண்ணாச்சியிடம் அவன் ‘சரி’ தவிர வேறு சொல் பேசியது அன்றுதான். “நான் போய்ச் சொல்லணும்.”

“போங்க. நாற்காலி தள்ளிப்போனா தள்ளிப்போட்டும், நீங்க நடந்துக்கிட்டே இருங்க.”

அவன் சுவரின் ஓட்டை வழியாக இறங்கி நடந்தான். ஜனங்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது அவனுடைய வீட்டுத் துக்கம் தெரியும், அவர்களுடையது அவனுக்குத் தெரியாது, ஆனாலும் நடக்க நடக்க அவர்கள் முகங்களில் அதைப் பார்த்தான். ஒரு பெண் அவன் கையைத் தொட்டுவிட்டு விட்டாள். மருந்துக்கடை அருகே சியாமளா எழுந்து நின்றாள். அவன் நின்றான்.

“எனக்குத் தெரியாது” என்றான். “அவ இப்படி நெனச்சிட்டிருக்கான்னு எனக்குத் தெரியாது.”

“எனக்கும்தான் தெரியல.”

“வா.”

“நீங்க போங்க. அவ உங்களைத்தான் கேட்டா. நான் வந்தா நான் பேசிடுவேன்.”

அவன் தலையசைத்துவிட்டு நடந்தான். மூலையில் திரும்பினான். மேசையின் கடைசியில், தொடாத தட்டுக்கு முன்னால், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்தான். நாற்காலி நகரவில்லை. மேசையும் நகரவில்லை.

“இல்ல” என்றான்.

அவள் திரும்பவில்லை.

“தர்ஷி, இல்லம்மா. உன்னால இல்ல. அவனுக்குப் பொறக்கும்போதே நெஞ்சுல கோளாறு. டாக்டர் அப்பவே சொன்னாரு. நீ முத்தம் குடுத்தப்போ அவன் சிரிச்சான். நான் பாத்தேன். யார் முகத்தைப் பார்த்தும் சிரிக்காதவன் உன்னைப் பாத்து சிரிச்சான்.”

“அப்புறம் ஏம்ப்பா நீ பேசவே இல்ல?”

“எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல” என்றான். “அவன் பேரைச் சொன்னா உடைஞ்சுபோயிடுவேன்னு பயம். அதனால எதையுமே சொல்லல.”

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். சித்திரையில் அம்மாவும் மகளும் ஓசூருக்குப் போனார்கள். கஜபதியும் சியாமளாவும் ஒன்று சேரவில்லை, அதற்கான காலம் போய்விட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் அவன் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவான். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன மெஸ்ஸில் அப்பனும் மகளும் இட்லி சாப்பிடுவார்கள், அவன் பேசிக்கொண்டே இருப்பான், இவ்வளவு பேசினால் எப்போதுப்பா சாப்பிடுவது என்று அவள் கேட்பாள். பெரம்பூரில் மேசை அதன்பின் ஒரு விரல்கூட நீளவில்லை, குறையவும் இல்லை. சனிக்கிழமைகளில் யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது மருந்துக்கடையைத் தாண்டித்தான் போய் நின்றது. பெருமாள் அண்ணாச்சி சுவரின் ஓட்டையை அடைக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் தர்ஷிகா அப்பாவின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, “தம்பி பேரு என்னப்பா? நான் மறந்துட்டேன். அம்மாகிட்ட கேக்க பயமா இருந்துச்சு” என்றாள்.

கஜபதி கண்ணை மூடினான், திறந்தான்.

“இனியன்” என்றான்.

“இனியன்” என்றாள் அவளும்.

பக்கத்தில் நின்றிருந்த கைக்குழந்தைக்காரிக்கு அது காதில் விழுந்தது. அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்ததை அடுத்தவருக்குக் கொடுத்துப் பழகிப்போன மேசை அது. அவள் மெக்கானிக்கிடம் சொன்னாள், மெக்கானிக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னான், கிழவர் தன் ஆங்கிலத் தமிழில் இரண்டு முறை சொல்லிப் பார்த்து அடுத்தவரிடம் சொன்னார். அப்படியே அது மேசை நெடுக, தட்டுகளுக்கு மேலாக, ஒருவரிடமிருந்து ஒருவராக, மூலை திரும்பி வந்தது. சாத்துக்குடி ஜூஸ்காரர், தன் பக்கத்தில் முகத்தை முந்தானையால் மூடி உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளை மெதுவாகத் தட்டினார்.

“இனியனாம்மா” என்றார். “அந்தப் பையன் பேரு. பக்கத்துல சொல்லுங்க.”

சியாமளா முந்தானையை எடுத்தாள். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை, கஸ்தூரி அக்காவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, சொன்னாள்.